1966: அரிசியும் கோதுமையும் எழுதிய ஆண்டு

2020 ஜூலையில், பிரான்சு நாட்டின் ஷமோனி நகருக்கு மேலே, மோன் பிளாங்க் மலைச்சரிவில் இறங்கும் போசோன் பனியாற்றின் ஓரத்தில், அங்கே சிற்றுண்டிக்கடை நடத்தும் ஒருவருக்கு ஈரம் ஊறிய சில இந்தியச் செய்தித்தாள்கள் கிடைத்தன. 54 ஆண்டுகள் பனிக்குள் கிடந்தும் எழுத்துகள் அழியவில்லை. இந்தியாவின் முதல் பெண் பிரதமராக இந்திரா காந்தி வருகிறார் என்ற தலைப்புச் செய்தியைப் படிக்க முடிந்தது. தாள்களைக் காயவைத்து, வருகிறவர்கள் பார்ப்பதற்காக அவர் வெளியே வைத்திருந்த படங்கள் அப்போது நம் நாளிதழ்களிலும் வந்தன. 1966 ஜனவரி 24 அன்று அந்த மலையில் மோதி நொறுங்கிய 'காஞ்சன்ஜங்கா' என்ற ஏர் இந்தியா போயிங் 707 விமானத்திலிருந்து சிதறிய தாள்கள் அவை. அந்த விமானத்தில் இருந்த 117 பேரும் இறந்தார்கள். அவர்களில் ஒருவர் ஹோமி பாபா.

அந்தப் படத்தைப் பார்த்த நாளிலிருந்து 1966 என்ற ஆண்டு என்னை விடவில்லை. அணு அறிவியலாளர் இறந்த அதே நாளில்தான் இந்திரா பதவியேற்றார் என்பது எனக்கு முன்பே தெரியும். அதற்குப் பதின்மூன்று நாள் முன்பு லால் பகதூர் சாஸ்திரி தாஷ்கண்டில் காலமானதும் தெரியும். ஆனால் அந்த ஆண்டின் மற்ற நிகழ்ச்சிகளைத் தேடித்தேடிப் படித்தபோது, ஒன்றுக்கொன்று தொடர்பே இல்லாதவை என்று நான் நினைத்திருந்த பல செய்திகள் ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்தன. மிசோ மலைகளில் எழுந்த கிளர்ச்சி, பஸ்தர் அரண்மனையில் நடந்த துப்பாக்கிச்சூடு, வங்காளத்தில் சுடப்பட்ட பள்ளிச் சிறுவன், ரூபாயின் மதிப்புக் குறைப்பு, மெக்சிகோவிலிருந்து வந்த விதை என எதை எடுத்துப் பிரித்தாலும் உள்ளே இருந்தது சோறு. 1966ஐப் பதவிகளின் கதையாகவும் மரணங்களின் கதையாகவும் எழுதுவது வழக்கம். எனக்கு அது தானியத்தின் ஆண்டாகத் தெரிகிறது. அதைத்தான் இங்கே எழுதிவைக்க விரும்புகிறேன்.

என் அம்மாவின் பிறந்த ஊர் தஞ்சாவூர்ப் பக்கம். நெல் விளையும் ஊரிலேயே அரிசிக்கு அலைந்த காலம் அது என்று அம்மா சொல்வார். விளைந்த நெல்லில் ஒரு பங்கை அரசுக்கு லெவியாக அளந்துவிட வேண்டும். மாவட்ட எல்லையைத் தாண்டி அரிசியைக் கொண்டுபோகக் கூடாது. திருச்சியில் குடியிருந்த மாமா ஊருக்கு வந்துவிட்டுத் திரும்பும்போது, துணிமணிகளுக்கு அடியில் நான்கு படி அரிசியை மறைத்து எடுத்துப்போவாராம். வழியில் பேருந்தை நிறுத்திச் சோதித்தால் அரிசியும் போய் மானமும் போகும். தன் தங்கை வீட்டு அரிசியைத் திருட்டுச் சொத்துபோல மடியில் வைத்துக்கொண்டு பயணம் செய்தவர், பிற்காலத்தில் வசதியாக வாழ்ந்தபோதும், வீட்டில் இரண்டு மூட்டை அரிசிக்குக் குறைந்தால் நிலைகொள்ள மாட்டார். சிறுவயதில் அதை ஒரு வேடிக்கையான பழக்கம் என்று எண்ணியிருந்தேன். 1965, 1966ஆம் ஆண்டுகளின் கணக்கைப் படித்த பிறகு அப்படி எண்ண முடியவில்லை.

கணக்கு இதுதான். 1964-65இல் இந்தியாவின் உணவு தானிய விளைச்சல் ஏறத்தாழ 8.9 கோடி டன். பருவமழை பொய்த்த 1965-66இல் அது 7.2 கோடி டன்னாக விழுந்தது. ஒரே ஆண்டில் ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது. அடுத்த ஆண்டும் மழை சரியாகப் பெய்யவில்லை. பற்றாக்குறையை ஈடுகட்ட 1966இல் மட்டும் ஒரு கோடி டன்னுக்கு மேல் தானியம் வெளிநாட்டிலிருந்து கப்பலில் வந்தது. பெரும்பகுதி அமெரிக்கக் கோதுமை. பி.எல். 480 என்ற அமெரிக்கச் சட்டத்தின் கீழ், டாலர் கொடுக்காமல் ரூபாய் கொடுத்தே அந்தத் தானியத்தை வாங்க முடிந்தது. நம் ஊர்களில் ரேஷன் கடைக்கு வந்த கோதுமையும், பள்ளிக்கூடங்களில் போட்ட ரவை உப்புமாவும் அந்தக் கப்பல்களின் வழியாக வந்தவை. அரிசிச் சோறு உண்டு வளர்ந்தவர்களுக்குக் கோதுமை என்பது பஞ்சகாலத்தின் சாப்பாடாகத்தான் அறிமுகமாயிற்று.

இந்தக் கையிருப்போடுதான் சாஸ்திரி 1966 ஜனவரியில் தாஷ்கண்டு சென்றார். முந்தைய ஆண்டின் போருக்குப் பிறகு, சோவியத் பிரதமர் கொசிகின் முன்னிலையில் பாகிஸ்தானின் அயூப் கானோடு பேசி, ஜனவரி 10 அன்று உடன்பாட்டில் கையெழுத்திட்டார். அன்று நள்ளிரவு கடந்து சில மணி நேரத்துக்குள் மாரடைப்பால் உயிர் நீத்தார். அவருக்கு வயது 61. அவருடைய மரணத்தைப் பற்றிய சந்தேகங்கள் இன்றுவரை பேசப்படுகின்றன. அவற்றுக்குள் நான் போக விரும்பவில்லை. அந்தப் பேச்சில் மறைந்துபோகும் ஒரு செய்திதான் எனக்கு முக்கியமாகத் தோன்றுகிறது. திங்கட்கிழமை இரவு ஒருவேளை உணவை விட்டுவிடுங்கள் என்று நாட்டு மக்களைக் கேட்டுக்கொண்ட பிரதமர் அவர். போர்வீரனோடு உழவனையும் சேர்த்து வாழ்த்தும் முழக்கத்தை அவர் தந்ததும் அதே நெருக்கடியில்தான். போர் தொடங்கியதும் அமெரிக்கா இரு நாடுகளுக்கும் உதவியை நிறுத்தியிருந்தது. எல்லையில் துப்பாக்கி வேண்டும், வீட்டில் தானியம் வேண்டும், இரண்டுக்கும் பிறர் கையை எதிர்பார்க்க வேண்டும் என்ற நிலையை அவர் அளவுக்கு நெஞ்சில் சுமந்தவர் வேறு யாராவது உண்டா என்று எனக்குத் தெரியவில்லை. மறைவுக்குப் பிறகு பாரத ரத்னா பெற்ற முதல் மனிதரும் அவரே.

அடுத்த பிரதமர் யார் என்ற கேள்வி காமராஜரிடம் வந்தது. அவர் அப்போது காங்கிரஸ் தலைவர். நேரு மறைந்தபோது போட்டியில்லாமல் சாஸ்திரியைக் கொண்டுவந்தவர், இம்முறையும் அப்படியே முடித்துவிட எண்ணினார். மொரார்ஜி தேசாய் விட்டுக்கொடுக்கவில்லை. நீங்களே பிரதமராகுங்கள் என்று சொன்னவர்களிடம், இந்தியும் தெரியாது ஆங்கிலமும் தெரியாது, எப்படி என்று காமராஜர் கேட்டதாகச் சொல்வார்கள். ஜனவரி 19 அன்று காங்கிரஸ் நாடாளுமன்றக் கட்சியில் வாக்கெடுப்பு நடந்தது. இந்திராவுக்கு 355, மொரார்ஜிக்கு 169. அந்தத் தேர்வின் செய்தியைத் தாங்கிய நாளிதழ்கள்தான் பம்பாயில் ஏற்றப்பட்டு, ஜெனீவாவில் இறங்க வேண்டிய விமானத்தில் பறந்து, பனிக்குள் புதைந்தன. வியன்னாவில் பன்னாட்டு அணுசக்தி முகமையின் கூட்டத்துக்குப் போய்க்கொண்டிருந்த பாபாவுக்கு அப்போது 56 வயது. அவர் வகித்த அணுசக்தி ஆணையத்தின் தலைமைப் பொறுப்பை அந்த ஆண்டு மே மாதம் விக்ரம் சாராபாய் ஏற்றார். அடுத்த ஆண்டு டிராம்பே நிலையத்துக்குப் பாபாவின் பெயர் சூட்டப்பட்டது.

புதிய பிரதமருக்கு வாழ்த்துச் சொல்லும் நாட்களே கிடைக்கவில்லை. பிப்ரவரி 16 அன்று, மேற்கு வங்கத்தின் பசிர்ஹாட் பகுதியில், அரிசியும் மண்ணெண்ணெயும் கேட்டுத் திரண்ட கூட்டத்தின்மேல் போலீஸ் சுட்டதில் நூருல் இஸ்லாம் என்ற பள்ளி மாணவன் இறந்தான். அந்தச் சிறுவனின் பெயர் வங்காளம் முழுவதும் பரவியது. கல்கத்தாவும் மாவட்டங்களும் கொந்தளித்தன. மார்ச் மாதத்தில் கடையடைப்பும் துப்பாக்கிச்சூடும் தொடர்ந்தன. முதலமைச்சர் பிரபுல்ல சந்திர சென், காந்தியவாதி, எளிமையாக வாழ்ந்தவர். அரிசி கிடைக்காத நேரத்தில் வாழைக்காயைச் சாப்பிடச் சொன்னார் என்பதே அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. வாழைக்காயில் சத்து இருக்கிறது என்று அவர் உண்மையாகவே நம்பிச் சொல்லியிருக்கலாம். பசித்தவனுக்கு மாற்று உணவு சொல்லித்தருவது அவனுடைய பசியைப் பரிகசிப்பதாகவே போய்ச்சேரும் என்பதை அவர் உணரவில்லை. அடுத்த ஆண்டு தேர்தலில், ஆராம்பாக் தொகுதியில், தம் கட்சியிலிருந்து பிரிந்துபோன அஜய் முகர்ஜியிடம் தோற்றார்.

வங்காளம் எரிந்துகொண்டிருந்தபோதே, பிப்ரவரி 28 இரவு, அன்றைய அசாமின் ஒரு மாவட்டமாக இருந்த மிசோ மலைகளில் மிசோ தேசிய முன்னணியின் ஆயுதக் கிளர்ச்சி தொடங்கியது. மார்ச் 1 அன்று லால்டெங்காவின் தலைமையில் தனிநாடு அறிவிக்கப்பட்டது. இதற்கும் சோற்றுக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியதே அந்தத் தொடர்புதான் என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

மிசோ மலைகளில் ஒருவகை மூங்கில் ஏறத்தாழ 48 ஆண்டுகளுக்கு ஒருமுறை ஒட்டுமொத்தமாகப் பூக்கும். பூத்துக் காய்த்த விதையைத் தின்று எலிகள் கணக்கில்லாமல் பெருகும். மூங்கில் விதை தீர்ந்ததும் அந்த எலிப்பட்டாளம் வயலில் இறங்கி, ஒரே இரவில் ஓர் ஊரின் நெல்லைத் தின்று தீர்த்துவிடும். இதை அந்த மக்கள் 'மௌதாம்' என்று அழைக்கிறார்கள். மூங்கில் மரணம் என்பது அதன் பொருள். எப்போது வரும் என்பது அவர்களுடைய முன்னோர் கணக்கில் இருந்தது. 1958இலேயே மாவட்ட மன்றம் அசாம் அரசை எச்சரித்து, முன்னேற்பாட்டுக்காக 15 லட்சம் ரூபாய் கேட்டது. எலிக்கும் மூங்கில் பூவுக்கும் முடிச்சுப் போடுவது மலைவாசிகளின் மூடநம்பிக்கை என்று அதிகாரிகள் ஒதுக்கிவிட்டார்கள். 1959இல் மூங்கில் பூத்தது, எலி வந்தது, பஞ்சம் வந்தது. அந்தப் பஞ்சத்தில் ஊர் ஊராக அரிசி சுமந்துபோன இளைஞர்களின் அமைப்பின் பெயர் மிசோ தேசியப் பஞ்ச முன்னணி. 1961 அக்டோபரில் அதன் பெயரிலிருந்து 'பஞ்சம்' என்ற சொல்லை எடுத்துவிட்டார்கள். மிச்சம் இருந்ததுதான் 1966இல் துப்பாக்கி ஏந்திய மிசோ தேசிய முன்னணி.

மார்ச் 5 அன்றும் அடுத்த நாளும் இந்திய விமானப்படை ஐசால் நகரின்மேல் தாக்குதல் நடத்தியது. வீடுகள் பற்றி எரிந்தன. மக்கள் காடுகளுக்குள் ஓடினார்கள். சொந்த நாட்டின் குடிமக்கள் வாழும் நகரத்தின்மேல் நம் விமானப்படை குண்டு போட்டது அந்த ஒருமுறைதான். அடுத்த ஆண்டிலிருந்து கிராமங்களைக் கலைத்துச் சாலையோர முகாம்களில் மக்களைக் குடியமர்த்தினார்கள். அமைதி உடன்பாடு 1986 ஜூன் 30 வரை காத்திருந்தது. நான் பள்ளியிலும் கல்லூரியிலும் வரலாறு படித்தவன். ஐசாலைப் பற்றி ஒரு வரிகூட என் பாடப்புத்தகத்தில் இருந்ததில்லை. முப்பது வயதைக் கடந்த பிறகுதான் இதைத் தெரிந்துகொண்டேன் என்பது எனக்கு இன்றும் வருத்தம் தருகிறது. அன்று கேட்ட 15 லட்சம் ரூபாயை மனமிரங்கிக் கொடுத்திருந்தால் இருபது ஆண்டுப் போர் வந்திருக்காது என்று உறுதியாகச் சொல்ல முடியாது. தனிநாட்டு உணர்வுக்கு வேறு வேர்களும் உண்டு. ஆனால் உதவி கேட்டு எழுதிய கடிதத்தை மூடநம்பிக்கை என்று ஒதுக்கிய கை, அந்த வேர்களுக்குத் தண்ணீர் ஊற்றியது என்பதில் எனக்கு ஐயமில்லை.

அதே மார்ச் மாதம் 25ஆம் நாள், அன்றைய மத்தியப் பிரதேசத்தில் இருந்த பஸ்தரின் ஜகதல்பூர் அரண்மனை வளாகத்தில் போலீஸ் சுட்டதில் பிரவீர் சந்திர பஞ்ச்தேவ் கொல்லப்பட்டார். அவருடன் இருந்த பழங்குடியினரும் மாண்டார்கள். சமஸ்தானம் போய்ப் பதினெட்டு ஆண்டுகள் ஆகியும் பஸ்தரின் பழங்குடி மக்களுக்கு அவர் தெய்வத்தின் பூசாரியாகவும் அரசராகவும் இருந்தார். அரசு விதித்த நெல் லெவியை எதிர்த்து அவர் மக்களைத் திரட்டியதும் மாநில அரசுக்கும் அவருக்கும் இடையே முற்றிய பகைக்கு ஒரு காரணம். ஒரே மாதத்துக்குள் நாட்டின் கிழக்கு எல்லையில் ஒரு நகரமும் நடுக்காட்டில் ஓர் அரண்மனையும் அரசின் துப்பாக்கியைச் சந்தித்தன என்பதைத் தேதிகளை வரிசைப்படுத்தி எழுதும்போதுதான் நானே உணர்ந்தேன்.

மார்ச் கடைசியில் இந்திரா வாஷிங்டன் சென்றார். வரவேற்பில் குறை இல்லை. ஆனால் லிண்டன் ஜான்சன் தானியக் கப்பல்களைத் தம் கையிலேயே வைத்திருந்தார். ஆண்டுக்கணக்கில் ஒப்பந்தம் போடாமல், மாதத்துக்கு மாதம் பார்த்து அனுப்பும் முறை அவருடையது. கப்பலிலிருந்து நேராக வாய்க்கு என்று அந்த நிலையை அக்காலத்தில் வருணித்தார்கள். வியட்நாமில் அமெரிக்கா குண்டு போடுவதை இந்தியா கண்டிக்கக் கண்டிக்க, கப்பலும் தாமதமாகும். விவசாயத்தில் முதலீட்டைக் கூட்டு, ரூபாயின் மதிப்பைக் குறை என்று உலக வங்கியும் நெருக்கியது. ஜூன் 6 அன்று டாலருக்கு 4 ரூபாய் 76 காசாக இருந்த மதிப்பு 7 ரூபாய் 50 காசாக மாற்றப்பட்டது. அதாவது, வெளிநாட்டிலிருந்து 100 ரூபாய்க்கு வாங்கிய பொருளுக்கு மறுநாளிலிருந்து 157 ரூபாய் கொடுக்க வேண்டும். தம்மைக் கலந்து பேசாமல் எடுத்த முடிவு என்று காமராஜர் கொதித்தார். அவருக்கும் இந்திராவுக்கும் இடையே விழுந்த விரிசல் அங்கிருந்துதான் வெளியே தெரிந்தது. எதிர்பார்த்த உதவியும் முழுமையாக வந்து சேரவில்லை. விலைவாசி ஏறியது. ஜூலையில் மாஸ்கோ சென்ற இந்திரா, வியட்நாமைப் பற்றிக் கடுமையான கூட்டறிக்கையில் கையெழுத்திட, ஜான்சனின் கோபம் இன்னும் கூடியது. அந்தக் கூட்டறிக்கையை வீண் வீராப்பு என்று எழுதுகிறவர்கள் உண்டு. பிறர் தானியத்தை உண்டுகொண்டே தன் கருத்தைச் சொல்லும் உரிமையை விட்டுக்கொடுக்காமல் இருப்பது எளிதல்ல. அதில் நான் இந்திராவின் பக்கம் நிற்கிறேன்.

இந்த அவமானத்துக்கு முடிவு கட்டிய வேலையை வேறொரு தமிழர் அமைதியாகச் செய்துகொண்டிருந்தார். பொள்ளாச்சிப் பக்கம் செங்குட்டைப்பாளையத்தைச் சேர்ந்த சி. சுப்பிரமணியம். 1964இல் சாஸ்திரி அவரை உணவு, விவசாயத் துறைக்குக் கொண்டுவந்தார். இந்திராவும் அவரையே வைத்துக்கொண்டார். பதவிகளைக் கவிழ்க்கும் துறை என்று அரசியல்வாதிகள் அஞ்சிய துறை அது. இந்திய உணவுக் கழகம் அவர் காலத்தில்தான் பிறந்தது. 1965 ஜனவரி 14 அன்று, பொங்கல் நாளில், அதன் முதல் மாவட்ட அலுவலகம் தஞ்சாவூரில் திறக்கப்பட்டது. கொள்முதல் விலையை முன்கூட்டியே அறிவித்து உழவனுக்கு உறுதி தருவதற்கான ஆணையத்தையும் அவரே அமைத்தார். அத்தனைக்கும் மேலாக, விதை விஷயத்தில் அவர் எடுத்த முடிவு.

நம் நாட்டுக் கோதுமை உயரமாக வளரும். கூடுதலாக உரம் போட்டால் கதிரின் கனம் தாங்காமல் பயிர் சாய்ந்துவிடும். மெக்சிகோவில் நார்மன் போர்லாக் உருவாக்கிய குட்டை ரகங்களில் ஜப்பானியக் கோதுமை ஒன்றின் குட்டைத்தன்மை கலந்திருந்தது. உரத்தையும் நீரையும் ஏற்றுக்கொண்டு, சாயாமல் நின்று, கதிராக மாற்றும். கும்பகோணத்தில் பிறந்த எம்.எஸ். சுவாமிநாதன் தில்லி விவசாய ஆராய்ச்சி நிறுவனத்தில் அவற்றைப் பரிசோதித்து, உழவர்களின் வயலிலேயே விளைவித்தும் காட்டினார். 1966இல் அவரே அந்த நிறுவனத்தின் இயக்குநரானார். விவசாயத் துறைச் செயலாளராக இருந்த பி. சிவராமனும் உடன் நின்றார். 1965இல் 250 டன் விதை வந்தது. அடுத்து, 1966இல், 18,000 டன் லெர்மா ரோஹோ விதையை மெக்சிகோவிலிருந்து வாங்க சுப்பிரமணியம் முடிவு செய்தார். அந்நியச் செலாவணிக்கு நாடு தவித்துக்கொண்டிருந்த ஆண்டில், கண்ணால் காணாத விளைச்சலை நம்பி அத்தனை பணத்தைக் கொட்டுவதா என்று அரசுக்குள்ளேயே எதிர்ப்பு. அந்நிய விதைக்கும் அந்நிய உரத்துக்கும் நாட்டை அடிமையாக்குகிறார் என்று இடதுசாரிகளின் எதிர்ப்பு. நோய் தாக்கினால் முழு நாட்டின் கோதுமையும் போய்விடும் என்று சில அறிவியலாளர்களின் எச்சரிக்கை. அவர் தில்லியில் தாம் குடியிருந்த அரசு பங்களாவின் புல்வெளியை உழுது, அந்த விதையையே அங்கே விதைத்தார். பார்க்க வந்தவர்களுக்குப் பேச்சால் விளக்காமல் பயிரைக் காட்டினார். இந்தச் செய்தியை முதன்முதல் படித்தபோது என் கண் கலங்கியது என்பதை மறைக்க வேண்டியதில்லை.

எதிர்ப்புகள் அனைத்தும் வெறும் பிடிவாதம் என்று நான் சொல்லவில்லை. பஞ்சாபின் நிலத்தடி நீர் எங்கே போயிற்று என்று பார்க்கிறோம். உரமும் பூச்சிமருந்தும் செய்த கேட்டையும் பார்க்கிறோம். சிறுதானியங்கள் தட்டிலிருந்து விலகியதையும் பார்க்கிறோம். ஆனால் இன்று நிறைந்த வயிற்றோடு அந்த முடிவைக் குறை சொல்கிறவர்கள், 1966 கோடையில் சுப்பிரமணியத்தின் மேசைக்கு முன்னால் ஒருமுறை உட்கார்ந்து, துறைமுகத்தில் இன்னும் எத்தனை நாளைக்குத் தானியம் இருக்கிறது என்ற கணக்கைப் படித்துவிட்டுப் பேச வேண்டும்.

அரிசிக்கும் அதே ஆண்டில் வழி திறந்தது. பிலிப்பைன்சில் லாஸ் பான்யோஸ் என்ற ஊரில் உள்ள பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிலையம் 1966 நவம்பரில் ஐ.ஆர். 8 ரகத்தை வெளியிட்டது. அதே காலத்தில் தஞ்சைக் குறுவையில் ஆடுதுறை 27 பரவத் தொடங்கியிருந்தது. ஐ.ஆர். எட்டுச் சோறு தடியாக இருக்கும், ஆறினால் விறைத்துவிடும் என்று அம்மா அதைக் கடைசிவரை ஒத்துக்கொள்ளவில்லை. வயிறு நிறைந்தது என்பதை மட்டும் ஒத்துக்கொள்வார்.

இத்தனை துயரத்துக்கு நடுவே அந்த ஆண்டு சில மகிழ்ச்சிகளையும் தந்தது. ஏப்ரல் 5 அன்று தலைமன்னாரில் கடலில் இறங்கிய கல்கத்தா வழக்கறிஞர் மிஹிர் சென், 25 மணி 36 நிமிடம் நீந்தி, புயலில் அழிந்து பதினாறு மாதமே ஆகியிருந்த தனுஷ்கோடியில் கரையேறினார். ஜிப்ரால்டர், டார்டனல்ஸ், பாஸ்பரஸ், பனாமா கால்வாய் என்று அக்டோபருக்குள் மற்ற நான்கையும் முடித்தார். அக்டோபர் 23 அன்று நியூயார்க்கில், ஐக்கிய நாடுகள் நாளை முன்னிட்டு, எம்.எஸ். சுப்புலட்சுமி ஐ.நா. பொதுச்சபை மண்டபத்தில் பாடினார். காஞ்சிப் பெரியவர் அதற்கென்றே எழுதிக்கொடுத்த சமஸ்கிருதப் பாடலும் ராஜாஜி எழுதிய ஆங்கிலப் பிரார்த்தனையும் அங்கே ஒலித்தன. நவம்பரில் லண்டனில் ரீட்டா ஃபாரியா உலக அழகியானார். ஆசியாவிலிருந்து அந்தப் பட்டத்தை முதலில் பெற்ற அந்த மருத்துவ மாணவி, வந்து குவிந்த வாய்ப்புகளை விட்டுவிட்டு மருத்துவப் படிப்புக்கே திரும்பினார். டிசம்பரில் பாங்காக் ஆசிய விளையாட்டில், இரண்டு முறை பாகிஸ்தானிடம் போன ஹாக்கித் தங்கத்தை ஒரே ஒரு கோலில் இந்தியா மீட்டது.

இவற்றில் நான் மறுபடி மறுபடி நினைப்பது டென்னிஸ் வீரர் ராமநாதன் கிருஷ்ணனைத்தான். கல்கத்தாவில் நடந்த டேவிஸ் கோப்பை அரையிறுதியில், பிரேசிலின் தாமஸ் கோக் இரண்டுக்கு ஒன்று என்ற செட் கணக்கில் முன்னே நின்று, நான்காவது செட்டிலும் 5-2 என்று போய்விட்டார். வெற்றிக்கு ஓர் ஆட்டம் போதும். தந்தையிடம் ஆட்டம் பயின்ற நம் கிருஷ்ணன் அங்கிருந்து 7-5 என்று செட்டை மீட்டு, ஐந்தாவதை 6-2 என்று வென்று, இந்தியாவை முதல்முறையாக இறுதிச் சுற்றுக்குக் கொண்டுபோனார். மெல்போர்னில் ஆஸ்திரேலியா 4-1 என்று வென்றது. அந்த ஒன்று, ஜெய்தீப் முகர்ஜியும் கிருஷ்ணனும் சேர்ந்து நியூகோம்ப், ரோச் இணையை இரட்டையரில் வீழ்த்தியது.

நவம்பர் 1 அன்று பஞ்சாப் மொழிவழி பிரிந்து, ஹரியானா பிறந்தது. நவம்பர் 7 அன்று பசுவதைத் தடை கேட்டு நாடாளுமன்றத்தை நோக்கிச் சென்ற சாதுக்களின் பேரணி கலவரமாகி, துப்பாக்கிச்சூட்டில் முடிந்தது. தில்லியில் காமராஜர் தங்கியிருந்த வீட்டுக்கும் அன்று தீ வைத்தார்கள். உள்துறை அமைச்சர் நந்தா பதவி விலகினார். பீகாரில் இரண்டாம் முறையும் பொய்த்த மழை, பலாமு, கயா, ஹசாரிபாக் மாவட்டங்களைப் பஞ்சத்தை நோக்கித் தள்ளிக்கொண்டிருந்தது. ஜெயப்பிரகாஷ் நாராயண் நிவாரணப் பணியில் இறங்கினார்.

அந்தக் கலவரச் செய்திகள் நாளிதழ்களை நிறைத்த அதே நவம்பரில், புதிதாகக் கோடு கிழித்துப் பிரித்த இரண்டு மாநிலங்களின் வயல்களிலும், உத்தரப் பிரதேசத்தின் மேற்கிலும், மெக்சிகோவின் சிவந்த விதை மண்ணுக்குள் போய்க்கொண்டிருந்தது. வட இந்தியர்களுக்குச் சிவப்புக் கோதுமையில் சுட்ட சப்பாத்தி பிடிக்காது என்பதால், அதே வம்சத்திலிருந்து பொன்னிறமான கல்யாண் சோனாவையும் சோனாலிகாவையும் நம் அறிவியலாளர்கள் பிரித்தெடுத்தார்கள்.

பயிர் முற்றுவதற்குள் 1967 பிப்ரவரித் தேர்தல் வந்துவிட்டது. ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்று தி.மு.க. வாக்களித்திருந்தது; அரிசிக்கு அலைந்து களைத்திருந்த மக்கள் காங்கிரசைச் சென்னை மாநிலத்தில் வீழ்த்தினார்கள். விருதுநகரில் காமராஜர் தோற்றார். கோபிச்செட்டிப்பாளையத்தில் சுப்பிரமணியமும் தோற்று, அமைச்சர் பதவியையும் இழந்தார். ஒரு வருடம் கழித்து, 1968 கோடையில், அதுவரை 1.2 கோடி டன்னைத் தாண்டிப் பழகாத கோதுமை விளைச்சல் 1.65 கோடி டன்னுக்கு ஏறியது. சாக்குப் போதவில்லை, வண்டி போதவில்லை, கிடங்கு போதவில்லை. வடக்கே பல ஊர்களில் பள்ளிக்கூடங்களுக்கு விடுமுறை விட்டு, வகுப்பறைகளில் கோதுமையைக் கொட்டிவைத்தார்கள்.